வீசாக்காரி முனீஸ்வரி

கொழும்பில் ஓர் அரசாங்கக் கட்டடத்தின் படிக்கட்டைத் தன் இரண்டு காலாலேயே குழிய வைத்த பெண் இந்தத் தீவில் ஒருத்திதான். அவள் புத்தளக் கரையில் இருக்கிற எங்கள் உடப்பு ஊர் முனீஸ்வரி. வருடம் தவறாமல் அவள் ஏறி இறங்கியதில் நடுப்படியில் மழைத்தண்ணீர் தேங்குமளவுக்குப் பள்ளம் விழுந்து, இப்போது கந்தோர்க்காரர் அதில் மீன் வளர்க்கிறார்கள். சரி, மீன் கொஞ்சம் கூடிப்போயிற்று. பள்ளமும் இல்லை. படி கருங்கல், அன்று போலவே இருக்கிறது. தேய்ந்தது அவளுடைய செருப்புத்தான். ஆனால் வருடம் தவறாமல் ஏறினாள் என்பதில் ஒரு சொட்டுக் கூட்டலும் இல்லை.

எங்கள் உடப்பு முனீஸ்வரி என்று ஊர் சொன்னால் போதாது, குடிவரவுக் கந்தோர் சொல்ல வேண்டும். அவள் பிறந்தது கடலுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரத்துச் சாயல்குடிக்குக் கிட்ட. பஹ்ரைனில் ஒரு சலவைக் கம்பனியில் உடுப்பு மடிக்கிற மேசையில் நின்றாள். எதிரே அயன் பெட்டியோடு நின்றவன் உடப்புக் கிரிசாந்த். அவன் அழுத்திக் கொடுக்க, அவள் மடித்து வைக்க, ஒரு நோன்புக் காலம் முழுக்க வந்து குவிந்த வெள்ளை அங்கிகளுக்கு நடுவே கதை வளர்ந்து கல்யாணத்தில் முடிந்தது. ஊர் திரும்பிய கிரிசாந்த் தகப்பனின் கரைவலைத் தொழிலுக்கே போனான். சோளகக் காற்றில் இந்தக் கடல் மூர்க்கங்கொள்ளும் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையில் கொட்டில் போட்டுத் தங்கித் தொழில். காற்று மாறினால் வீடு.

முனீஸ்வரி வந்த வேகத்தில் ஊரைப் பழகிக்கொண்டாள். ‘ஆமா’ போய் ‘ஓம்’ வந்தது. கூனி இறால் காயப்போடவும், காகத்தைக் கல்லெறியாமல் கண்ணாலேயே விரட்டவும் படித்தாள். சிலாபம் சந்தையில் விலை பேசிப் பேசிச் சிங்களமும் வந்தது. அந்தச் சிங்களத்தை மரியாதையான இடத்தில் பேச முடியாது, அது வேறு விசயம். மகள் தயானி பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கினாள். தகப்பனும் மகளும் இந்த நாட்டார். நடுவில் படுக்கிறவள் மட்டும் வருடத்துக்கு வருடம் முத்திரை குத்தி வைத்திருக்கிற விருந்தாளி. ஊரில் அவளுக்கு ‘வீசாக்காரி’ என்று பெயர்.

அடுத்த வீட்டு இரஞ்சிதம், கிரிசாந்துக்கு மாமி முறை, அதனால் இவளுக்கும் மாமி. அவள்தான் அந்தப் பெயரை வைத்தது. ஆறுதல் சொல்கிறதும் அவள்தான்.

“எங்கட பாட்டன், முப்பாட்டன் எல்லாம் உங்கட இராமநாதபுரத்தில இருந்துதானே பிள்ளை தோணி ஏறி வந்தவங்க. அண்டைக்கு இந்தக் கரையில ஒருத்தன் மேசை போட்டுக் குந்தியிருந்தா, இந்த ஊரே இருந்திராது.”

“அப்ப நீங்க எல்லாரும் வீசா முடிஞ்ச ஆக்கள், மாமி.”

“ஓம், எங்களப் பிடிக்க ஆளில்ல. நீதான் பிந்தி வந்திட்டாய்.”

சிரிப்புத்தான். ஆனால் ஒரு வருடம், முத்திரைக்காகப் பாஸ்போட் கொழும்பில் கிடந்த கிழமையில், சாயல்குடியில் அவள் அப்பா செத்துப்போனார். பாஸ்போட் இல்லாமல் எங்கே போகிறது? அப்பாவை எடுத்துக்கொண்டு போனதை அவள் போனில் பார்த்தாள். ஊர்வலம் தெருமுனை திரும்பும்போது டேட்டா முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் வெகுநேரம் கறுத்துப்போன போனைப் பிடித்தபடி கிணற்றடியில் நின்றாள்.

அன்றைக்கு எடுத்த முடிவு: வருடா வருடம் கையேந்துகிற வீசா வேண்டாம். நீண்டகால வதிவிடத்துக்கு எழுதிப்போட வேண்டும். பாஸ்போட் தன் அலுமாரிக்குள் தன் சேலைக்கு அடியில் கிடக்க வேண்டும். அங்கே அம்மா இன்னும் இருக்கிறாள், கண் மங்கிக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும், “நீ வர்றப்ப உன்னய எனக்குத் தெரியுமோ தெரியாதோ” என்கிறாள்.

எழுதிப்போட்டாள். படத்தில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காது தெரியப் படம் எடுத்துக்கொண்டு போனபோது, கல்யாணப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு பழசாகிவிட்டது என்றார்கள். கல்யாணம் மட்டும் பழசாகாமல் இருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டாள். புது மொழிபெயர்ப்போடு போனபோது அந்த யன்னலில் இருந்தவர் லீவு. அடுத்த யன்னல், முந்தின யன்னலைக் கேட்கச் சொன்னது. இப்படி ஏறி இறங்கி, கடைசியில் ஒருநாள் எல்லாம் சரி என்றார்கள். இனி ஒன்றுதான் பாக்கி: புருசனும் பெண்சாதியும் உண்மையாகவே ஒரு வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் வருவார். எப்போது? சொல்லாமல்தான் வருவார்.

அதோடு போயிற்று முனீஸ்வரியின் இருப்பு.

அறைக்குள் கிடந்த கல்யாணப் படம் வீட்டு முன்மண்டபத்துக்கு வந்து தொலைக்காட்சிக்கு மேலே ஏறியது. கிரிசாந்த் முல்லைத்தீவில் இருக்க, அவன் சேட்டுகள் தினமும் தண்ணீரில் நனைந்து முற்றத்துக் கொடியில் காய்ந்தன. மூன்று பல் பிரஷும் ஒரு கிளாசில் நின்று வாசலைப் பார்த்தன.

“அந்தப் பெரிய பிரஸ்ஸைச் சாமித்தட்டில வைச்சு ஒரு பூவையும் வை பிள்ளை,” என்றாள் இரஞ்சிதம்.

முனீஸ்வரி சிலாபம் போகவில்லை, கடற்கரைக்குப் போகவில்லை, ஒரு கோப்பை தண்ணீரைத் தலையில் ஊற்றுவாள், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஈரத் தலையோடு வாசல் படலைக்கு ஓடுவாள். பாண்காரனாக இருக்கும். ஐஸ் கொண்டுவருகிறவனாக இருக்கும். ஒருநாள் கழுத்துப்பட்டி போட்ட ஒருவர் வந்தார். அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, கல்யாண அல்பத்தைக் கையில் கொடுத்தாள். அவர் பாவம், கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, “மீற்றர் எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டார். கரண்டுக்காரர்.

ஆடி வந்தது. திரௌபதையம்மன் கோயில் திருவிழாவுக்கு முல்லைத்தீவு போன ஆண்கள் எல்லோரும் ஊர் திரும்புகிற காலம். கிரிசாந்த் பையோடு வாசலில் நின்றபோது அவளுக்கு உயிர் வந்தது. சேட்டுக்குள் ஆளே வந்துவிட்டான், இனி யார் வந்தாலும் காட்டலாம். அவன் பையை இறக்காமலே சொன்னான்:

“நான் இந்த முறை காப்புக் கட்டுறன்.”

தீமிதிக்க நேர்ந்தவர்கள் கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டு விரதம் இருப்பார்கள். கிரிசாந்தின் குடும்பத்து வழக்கம் மற்றவர்களுடையதைவிடக் கடுமை. காப்புக் கட்டினால் நெருப்பில் இறங்குமட்டும் கோயிலடியில்தான் படுக்கை. வீட்டுப் படி மிதிக்கக் கூடாது, பெண்சாதி கையால் தண்ணீர் வாங்கக் கூடாது, அவள் முகம் பார்த்து ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

கோபம் வந்தால் முனீஸ்வரியின் நாக்கு கடல் தாண்டிவிடும். “ஏங்க, இந்த வருசமா? ஆளு வந்து புருசன் எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“கோயிலடியில எண்டு சொல்லு.”

“ஒரே வீட்டுல இருக்கமான்னு பாக்கத்தான வர்றாங்க.”

“உனக்காகத்தான் நேர்ந்தது. வீசா கிடைக்கோணும் எண்டு.”

“வேற ஏதாச்சும் நேர்ந்திருக்கலாமுல்ல. மொட்டை அடிச்சிருந்தா வீட்டோட இருந்து அடிச்சிருக்கலாம்.”

“அம்மனுக்குக் குடுத்த வாக்கு,” என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டினான்.

பாய் போயிற்று, தலையணை போயிற்று, சேட்டு, சாரம், சவரப் பெட்டி, பெரிய பிரஷ் எல்லாம் கோயிலடிக்குப் போயிற்று. கிளாசில் தாய்க்கும் மகளுக்குமாக இரண்டு நின்றன. ஆண்வாடை என்று சொல்ல அந்த வீட்டில் சுவரில் தொங்கிய கல்யாணப் படம் மட்டும்தான் மிச்சம். அதிலும் மாலை அவன் முகத்தைப் பாதி மறைத்திருந்தது.

முனீஸ்வரியால் வீட்டில் இருக்கவும் முடியவில்லை, விட்டு வரவும் முடியவில்லை. பின்னேரங்களில் இரஞ்சிதத்தைக் காவல் வைத்துவிட்டுக் கோயிலடிக்கு ஓடுவாள். காப்புக் கட்டினவர்கள் இருக்கிற பக்கம் கயிறு கட்டியிருக்கும். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்பாள்; கிரிசாந்த் அவளைப் பார்க்காமல், பக்கத்தில் நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்துப் பதில் சொல்வான். வழக்கமும் கெடவில்லை, சண்டையும் நிற்கவில்லை. சுற்றியிருந்த ஆண்களுக்கு அது கூத்தை விட நல்ல பொழுதுபோக்கு.

அவள் துவைத்த வேட்டி கொடுக்கப் போன ஒரு பின்னேரம்தான் கந்தோர் அனுப்பிய ஆள் வந்தார். பெயர் ஜௌபர். மாவனல்லைப் பக்கத்து ஆள், புத்தளத்துக்கு மாறி வந்து கொஞ்ச நாள். உடப்புத் திருவிழா என்று கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். இரஞ்சிதம் படலையில் நின்றாள்.

“முனீஸ்வரிட ஊடு இதுதானே?”

“ஓம் சேர். பிள்ளை இப்பத்தான் வெளியில போனது. வந்து இருங்கோ.”

“மாப்புள்ள ஊட்டுல ஈக்கிறாரா?”

“அவனா?” இரஞ்சிதத்துக்குப் பெருமையில் குரல் உயர்ந்தது. “அவன் இந்தப் படி மிதிக்கிறதே இல்ல.”

ஜௌபரின் பேனா நின்றது. “ஊட்டுக்கு வாரல்லயா?”

“இந்த வீட்டுத் தண்ணி வாயில படாது சேர். அவள் முகம் பார்த்து ஒரு சொல்லுச் சொல்ல மாட்டான். படுக்கிற பாயைக்கூடத் தூக்கிக்கொண்டு போயிட்டான். நானும் இந்த ஊரில எத்தினை பேரைப் பார்த்திட்டன், இவ்வளவு கண்டிப்பா ஒருத்தனும் இருந்ததில்ல.”

“அவங்க ஒண்டும் செல்லல்லயா?”

“அழுதாள், சண்டை பிடிச்சாள். அவன் அசையல்ல.” சொல்லும்போதே இரஞ்சிதத்துக்குக் கண் நனைந்தது. ஜௌபர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

ஏன் என்று ஒரு சொல் கேட்டிருந்தால் எல்லாம் விளங்கியிருக்கும். ஆனால் அவர் நல்ல வளர்ப்பு. ஒரு குடும்பத்துச் சண்டையின் காரணத்தை அடுத்த வீட்டுப் பெண்ணிடம் கிளறுவது அழகில்லை என்று நினைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு பிரஷ், ஒன்று சின்னது. இரஞ்சிதம் வெட்டிக் கொடுத்த செவ்விளநீரைக் குடித்தார், எழுத வேண்டியதை எழுதினார், போனார்.

முனீஸ்வரி திரும்பி வந்ததும் இரஞ்சிதம் ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தாள். “ஒரு குறையும் இல்லாமல் சொல்லி அனுப்பியிருக்கிறன் பிள்ளை. மனுசன் வாயடைச்சுப் போச்சு.”

முனீஸ்வரி அவர் போன திசையை மட்டும் கேட்டாள். பிறகு ஓடினாள். செருப்புப் போட மறந்து, தார் ரோட்டில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

சந்தியில் சாமி வீதிவலம் வருகிற நேரம். கயிறு கட்டி வாகனங்களை நிறுத்தியிருந்தார்கள். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இருந்தவரை அவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்றால், அந்தச் சனத்துக்குள் சாமியைப் பார்க்காமல் கையில் கட்டிய மணிக்கூட்டைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான்.

“சேர், நான்தான் முனீஸ்வரி.”

ஜௌபரின் முகம் இளகியது. “தங்கச்சி, ஒங்கட மேல ஒரு பிழையும் எழுதல்ல. சில ஊடுகள்ல இப்பிடி நடக்கிறதுதான்.”

“ஒண்ணும் நடக்கல சேர். அவரு எனக்காகத்தான் வீட்ட விட்டுப் போனாரு.”

“ஒங்களுக்காக?”

“வீசா கெடைக்கணும்னுதான் சேர் பிரிஞ்சு இருக்கோம்.”

இளகிய முகம் இறுகிற்று. வீசாவுக்காகச் சேருகிறவர்களை அவர் கண்டிருக்கிறார். அதற்காகப் பிரிகிறவர்களைப் புதிதாகக் கேட்கிறார். எதுவானாலும் நல்லதாக இருக்காது என்று பையைத் திறந்தார். அவள் என்ன சொல்லிவிட்டோம் என்று உணர்ந்தபோது பேனா வெளியே வந்துவிட்டது. மேளச் சத்தத்தில் இனி எதைச் சொன்னாலும் இன்னும் கெடும். ஆகவே ஓர் அரசாங்க உத்தியோகத்தருக்குச் செய்யக் கூடாததைச் செய்தாள்: மோட்டார் சைக்கிள் திறப்பை உருவிக்கொண்டு கோயிலடிக்கு நடந்தாள்.

“தங்கச்சி, அது என்ட திறப்பு.”

“தெரியும் சேர். வாங்க.”

கயிற்றடியில் மஞ்சள் வேட்டியும் காப்புமாக ஆண்கள் பாய் போட்டு இருந்தார்கள். அத்தனை பேர் கையிலும் ஒரே காப்பு. ஜௌபர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏதோ விளங்கத் தொடங்கியது போலிருந்தது. ஆனாலும் எழுதினது எழுதினதுதானே, அவர் கிரிசாந்தைக் கூப்பிட்டு விசாரணைக் குரலிலேயே கேட்டார்:

“மனுசியோட கடைசியா எப்ப கதைச்சீங்க?”

“காப்புக் கட்டினதுக்குப் பிறகு நான் இவளோட கதைக்கிறதில்ல சேர்.”

முனீஸ்வரிக்கு உயிர் போய் வந்தது. “நேத்து விளக்கு வைக்கிற வரைக்கும் சண்டை பிடிச்சாரே.”

“அது மரத்தோட,” என்றான் கிரிசாந்த்.

பாய்களில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். “உண்மைதான் சேர், நாங்க சாட்சி,” என்றார் ஒருவர். “மரத்துக்குத்தான் இனிக் காது வலி.”

ஜௌபர் சிரிக்கவில்லை. மரத்தைப் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார். “மரம் என்ன கேட்டிச்சு?”

“என்னட்டக் கேளாமல் ஏன் நேர்ந்தனீங்க எண்டு கேட்டது.”

“நீங்க என்ன செல்லினீங்க?”

கிரிசாந்த் கையிலிருந்த காப்பைச் சுற்றினான். பிறகு வேப்பமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இவளின்ர அப்பா செத்த அண்டைக்கு, போன் கறுத்த பிறகும் இவள் அதைப் பிடிச்சுக்கொண்டு கிணத்தடியில நிண்டவள். பாஸ்போட் கையில இருந்திருந்தா ஓடிப் போயிருப்பாள். நான் இந்த நாட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்ததாலதான் அவளுக்கு அந்த முகம் கிடைக்கல்ல. கந்தோருக்கு என்னால ஒண்டும் செய்யேலாது. நெருப்பில இறங்கத்தான் ஏலும். அதைத்தான் சொன்னன்.”

“என்கிட்ட அதச் சொல்லலியே,” என்றாள் முனீஸ்வரி.

“நீ அதுக்கு முதல் கோவிச்சுக்கொண்டு போயிட்டாய்,” என்று அவன் மரத்துக்குச் சொன்னான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. முனீஸ்வரி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளும் மரத்தைப் பார்த்தபடி நின்றாள்.

ஜௌபர் கடதாசியை முழங்காலில் வைத்து ஏதோ கோடு போட்டு வெட்டினார், ஏதோ எழுதினார். “திறப்பத் தாங்க தங்கச்சி.” கொடுத்தாள். “தீ மிதிக்கிறது எண்டைக்கி?” கிரிசாந்த் சொன்னான். தலையாட்டிவிட்டு, என்ன எழுதினேன் என்று மட்டும் சொல்லாமல், சந்திக்குப் போகிற ஒழுங்கையால் போய்விட்டார்.

கிரிசாந்த் நெருப்பில் இறங்கி ஏறினான். அவன் காலில் ஒரு வடுவும் இல்லை. தார் ரோட்டில் ஓடியவள் காலில்தான் கொப்புளம். திருவிழாக் கூட்டத்தில் நொண்டிக்கொண்டு திரிந்தாள். பாயும் தலையணையும் வீட்டுக்கு வந்தன, சில நாளில் முல்லைத்தீவுக்குப் போயின. அவள் மறுபடி போனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். மனுசன் என்ன வெட்டினார், என்ன எழுதினார்? கூனி காயப்போடும்போதும் அதுதான், சோறு வடிக்கும்போதும் அதுதான். வடித்த கஞ்சியோடு ஒருநாள் சோறும் போயிற்று. அம்மாவுக்குப் போன் எடுக்கவே பயம். எப்போது வருகிறாய் என்பாள்.

காற்று மாறி, ஆண்கள் ஊர் திரும்பின பிறகு கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. முதல் யன்னலில் இருந்தவர் பாஸ்போட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டார். அவள் வதிவிட முத்திரை விழுந்த பக்கத்தைத் திறந்து வாசித்தாள், ஓரமாய்ப் போய் நின்று மறுபடி வாசித்தாள், திரும்பி வந்து, “இது என்னதுதானா?” என்று கேட்டாள். அவர் படத்தில் காதைக் காட்டினார்.

அடுத்த கிழமையே சாயல்குடிக்குப் பயணம். வழியனுப்பக் கூடின சனத்துக்கு நடுவே படலையில் நின்றது இரஞ்சிதம்.

“நான் அண்டைக்கு அந்த சேருக்குச் சொன்ன சொல்லுத்தான் கொழும்பு வரைக்கும் போய் வேலை செய்தது. இவள் ஓடிப் போய்த் திறப்பைப் பறிச்சதெல்லாம் வீண் வேலை. சரி, இனி இவளை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது. சாகுமட்டும் இந்த ஊரில இருக்கலாம்.”

உள்ளே முனீஸ்வரி பெட்டிக்கு மேல் ஏறி இருந்து அதைப் பூட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு வருசத்துக்குத்தான், மாமி,” என்றாள். “பிறகு திரும்ப ஆள் வருவார்.”